மனைவி என்று ஒரு சொல்

முன்னாள் கணவர் தன் பெயருக்கு வீடு எழுதிவைத்திருக்கிறார் என்கிற செய்தி துளசிமணிக்கு நீதிமன்ற அழைப்பாணையாக வந்து சேர்ந்தது. அப்போது அவள் திருப்பூரில் தன் தையல் யூனிட்டில் உட்கார்ந்து, கோணலாகத் தைத்துவிட்ட ஒரு குழந்தைச் சட்டையின் காலரைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அழைப்பாணையை இரண்டு தடவை படித்தாள். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்றாவது தடவையும் படித்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள்.

பக்கத்து மிஷினில் இருந்த செல்வமேரி மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டாள். "என்னாச்சுங்கக்கா?"

"எம் புருசன் எனக்கு வீடு எழுதி வச்சிருக்காராம்."

"உங்களுக்குப் புருசன் இருக்காருங்களா?"

"இல்ல. அதாஞ் சிரிப்பு."

துளசிமணிக்கு அறுபத்தாறு வயது. விவாகரத்தாகி இருபத்திரண்டு வருடம். பிள்ளைகள் இல்லை. அவள் கணவராக இருந்த சென்னியப்பன் கோயம்புத்தூர் கணபதியில் கிரைண்டர் பட்டறை வைத்திருந்தார். நான்கு வருடத்துக்கு முன்னால் அவருக்கு மறதி நோய் என்றும், காதுக்குப் பின்னால் 'துணை' பொருத்திக்கொண்டார் என்றும் யாரோ சொல்லிக் கேட்டிருந்தாள்.

துணையைப் பற்றி அப்போது தெரியாதவர்கள் இல்லை. புளியங்கொட்டை அளவு கருவி. நோய் முற்றுவதற்கு முன்பே உட்கார்ந்து, தன் வாழ்க்கையைத் தன் வாயால் சொல்லிப் பதிந்துகொள்ள வேண்டும். அப்புறம் எப்போதெல்லாம் மூளை ஒரு பெயரையோ சம்பவத்தையோ தேடித் தவிக்கிறதோ, அப்போதெல்லாம் துணை அதை எடுத்துக்கொடுக்கும். அவரவர் குரலிலேயே, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி. யோசிப்பதும் முடிவெடுப்பதும் மனிதர் வேலை. ஞாபகம் மட்டும் கருவியின் வேலை.

துணை வந்தபோது உயில் வழக்குகளும் கூடவே வந்தன. எழுதினது மனிதரா மெஷினா என்று பிள்ளைகள் அடித்துக்கொண்டார்கள். செத்தவரை எழுப்பிக் கேட்க முடியாது. அதனால் துணை போட்டவர் எழுதும் உயிலை அவர் உயிரோடு இருக்கும்போதே விசாரித்து முத்திரை வைக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. அதற்கென்றே முன்விசாரணை மன்றங்கள் வந்தன. தன் உயிலைப் பற்றிய சண்டையைத் தானே முதல் வரிசையில் உட்கார்ந்து பார்க்கும் பாக்கியம் அப்படித்தான் மனிதர்களுக்குக் கிடைத்தது.

சென்னியப்பனின் உயிலை எதிர்த்தவன் அவருடைய தம்பி நஞ்சப்பன். பட்டறை தம்பிக்கு, வீடு 'என் மனைவி துளசிமணிக்கு' என்று உயிலில் இருந்தது. இருபத்திரண்டு வருடமாக மனைவி இல்லாதவளை மனைவி என்று எழுதுகிறவர் எப்படித் தெளிந்த மனதோடு எழுதியிருப்பார்? நஞ்சப்பன் கேட்டிருந்த கேள்வி அது ஒன்றுதான். துளசிமணிக்கே அது நியாயமாகத்தான் பட்டது.

வீடு வேண்டாம் என்று சொல்லிவிட்டு மத்தியான பஸ்ஸுக்குத் திரும்பிவிடுவதாகச் செல்வமேரியிடம் சொல்லிவிட்டுத்தான் அவள் கோயம்புத்தூருக்குக் கிளம்பினாள்.

மன்றத்து வராந்தாவில் நஞ்சப்பனை முதலில் பார்த்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. மடியில் டிபன் டப்பாவை வைத்துக்கொண்டு அண்ணனுக்கு இட்லியைப் பிட்டுப் பிட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்தான். அண்ணி என்பதா, மேடம் என்பதா என்று தெரியாமல், "வாங்க" என்பதோடு நிறுத்திக்கொண்டான்.

சென்னியப்பன் நிமிர்ந்து பார்த்தார். அவர் முகம் மலர்ந்த விதத்தைத் துளசிமணியால் அப்புறம் யாரிடமும் சரியாக விவரிக்க முடியவில்லை.

"வந்துட்டியா அம்மணி? பஸ்ஸு கூட்டமா?"

காலையில் வேலைக்குப் போனவள் சாயங்காலம் வீடு திரும்பின மாதிரி கேட்டார். என்னென்னவோ பதில் சொல்ல வேண்டும் என்று வந்தவள், "இல்லீங்க, உக்கார எடம் கெடச்சுது" என்றாள்.

நீதிபதி எஸ்தர் ஐம்பது வயதுப் பெண்மணி. மேடை கிடையாது, எல்லோரும் ஒரே மேஜையைச் சுற்றித்தான் உட்கார்ந்தார்கள். துணையைப் பொருத்திய பெனாசிர் என்ற இளம் தொழில்நுட்பப் பெண்ணும் வந்திருந்தாள்.

"ஐயா, உங்களுக்கு என்னென்ன சொத்து இருக்கு?" என்று ஆரம்பித்தார் நீதிபதி.

"ஒரு வீடு, ஒரு பட்டறைங்க. அப்புறம் ரெண்டு பல்லு. மத்ததெல்லாம் கட்டினது."

நீதிபதி சிரிப்பை அடக்கிக்கொண்டார். "பக்கத்துல இருக்கறவங்க யாரு?"

"எந் தம்பி நஞ்சப்பன். மீசைய எடுத்ததுக்கப்புறம் நல்லாவே இல்ல. அந்தப் பக்கம் எஞ் சம்சாரம் துளசிமணி."

நஞ்சப்பனின் வக்கீல் இதற்காகத்தான் காத்திருந்தார். "ஐயா, உங்களுக்கு விவாகரத்து ஆயிருச்சு. தெரியுங்களா?"

சென்னியப்பன் திரும்பிப் பார்த்தார். தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று தேடினார். "யாருக்குங்க?"

வக்கீல் கைகளை விரித்தார். "இதுதாங்கம்மா எங்க கேஸே."

நீதிபதி விடவில்லை. "ஐயா, வீட்டை ஏன் இந்த அம்மாவுக்கு எழுதுனீங்க? சொல்ல முடியுமா?"

அவர் மேஜையைப் பார்த்தார். காதுக்குப் பின்னால் துணையின் பச்சைப் புள்ளி ஒரு தடவை மின்னியது.

"அவளோட தையல் மிஷினு எட்டு இருந்துதுங்க. சொந்தமா சம்பாரிச்சு வாங்குனது. அவ ஆத்தாளுக்கு ஒடம்பு சரியில்லைன்னு ஒரு வாரம் ஊருக்குப் போயிருந்தா. நான் எட்டையும் வித்துட்டேன். ஒரு வார்த்தை கேக்கல. வித்து, பட்டறைக்கு இரும்பு கடையற லேத்து ஒண்ணு வாங்குனேன். அந்த லேத்துனாலதான் பட்டறை நின்னுச்சு. பட்டறை நின்னதுனாலதான் வீடு கட்டுனேன். அப்ப வீடு யாருதுங்க? நீங்களே சொல்லுங்க."

துளசிமணி சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விவாகரத்து வழக்கில் இதே மனிதர் நீதிபதி முன்னால், அவை ஓட்டை மிஷின், துருப்பிடித்துக் கிடந்தவை என்று சத்தியம் செய்திருந்தார். அன்று அவள் அழவில்லை. இன்று கண்ணைத் துடைக்க வேண்டியிருந்தது. அது அவளுக்கே எரிச்சலாக இருந்தது.

வக்கீல் எழுந்தார். "அம்மா, எட்டு மிஷினு ஞாபகம் இருக்கு. விவாகரத்து ஞாபகம் இல்லை. ரெண்டும் ஒரே வருசத்துல நடந்த சமாச்சாரம். ஒண்ணு மட்டும் எப்படி இருக்கும்? துணைல யாரோ கை வச்சிருக்காங்க." அப்படிச் சொல்லும்போது அவர் துளசிமணியைப் பார்க்காமல் இருக்கச் சிரமப்பட்டார்.

சட்டப்படி துணையைக் கழற்றியும் ஒரு தடவை கேட்க வேண்டும். பெனாசிர் மெதுவாகக் கழற்றினாள். சில நிமிடத்தில் சென்னியப்பனின் கண் மேஜையிலிருந்து ஜன்னலுக்குப் போனது. உயில் என்றால் என்ன என்று கேட்டதற்கு, மழை வருமா என்று கேட்டார். நஞ்சப்பன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் இருக்கறனுங்கண்ணா" என்றான். துணையைத் திரும்பப் பொருத்தியதும் அவர் ஒரு பெருமூச்சு விட்டார். "எங்கயோ போயிட்டு வந்த மாதிரி இருக்குது. ஊரு நல்லாத்தான் இருந்துது. ஆனா ஒருத்தரையும் தெரியல."

நீதிபதி பேனாவை மூடினார். "துணை இல்லைன்னா இவரால உயில் எழுத முடியாது. துணை இருந்தா, அதுல என்ன இருக்கோ அதை வச்சுத்தான் எழுதுறாரு. அப்ப அதுல இருக்கறதை யாரு வச்சாங்கன்னு தெரியணும். பெனாசிர், முதல் பதிவோட ஒலிக்கோப்பு இருக்குமில்லையா? சாப்பாட்டுக்கு அப்புறம் கேட்போம்."

மன்றத்துக் கேன்டீனில் சென்னியப்பன் தயிர்சாதம் சாப்பிட்டார். எதிரும் புதிருமாக நஞ்சப்பனும் துளசிமணியும் உட்கார்ந்திருந்தார்கள்.

"நான் வீட்டுக்கு ஆசைப்பட்டுக் கேஸ் போடலீங்க," என்றான் நஞ்சப்பன் திடீரென்று. "குளிப்பாட்டுறது நானு. மருந்து கொடுக்கறது எம் பொண்டாட்டி. பேரு மறந்து, ஊரு மறந்து, எங்களத் திட்டி, எல்லாம் பாத்தாச்சு. அந்த உயிலப் படிக்கறப்ப எங்க பேரு பட்டறையோட நின்னு போச்சு. போனவங்க பேரு வீட்டுல இருக்குது. மனசு தாங்கலீங்க."

துளசிமணி காப்பியை ஆற்றினாள். "வீடு வேண்டாம்னு சொல்லத்தாந் தம்பி வந்தேன்."

"இப்ப?"

"இப்ப அவரு பேசுனதுக்கப்புறம் எனக்கே ஒண்ணும் புரியல. அந்தப் பதிவக் கேட்டுட்டுச் சொல்றேன்."

தம்பி என்று அவள் சொன்னதை இரண்டு பேருமே கவனித்தார்கள். ஒருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

மத்தியானம் பெனாசிர் பதிவை ஓடவிட்டாள். அவள் குரலும் சென்னியப்பனின் குரலும் மாறி மாறிக் கேட்டன. நான்கு வருடத்துக்கு முந்தைய சென்னியப்பன். கணீரென்று பேசினார். அன்றைக்கே மூன்று மருத்துவர்கள் சோதித்து, புத்தி முழுத் தெளிவாக இருக்கிறது என்று கொடுத்த சான்றும் கூடவே இருந்தது.

'அடுத்தது உங்க விவாகரத்துங்கய்யா. தேதியிலிருந்து சொல்லுங்க.'

'அதைப் போடாதீங்க கண்ணு.'

'முக்கியமான விசயம்ங்களே.'

'எல்லாம் போயிரும்னு டாக்டரு சொல்லிட்டாரு. போறதுல எது போகணும்னு நான் ஒண்ணே ஒண்ணு சொல்லக்கூடாதா? அவ போனதை விட்டுருங்க. நான் செஞ்சதைப் போடுங்க. கேக்காம மிஷின வித்தது, கோர்ட்டுல அத ஓட்டை மிஷினுன்னு சொன்னது, ரெண்டும் வரணும்.'

'ஏனுங்கய்யா அப்படி?'

யாரோ நாற்காலியை நகர்த்தும் சத்தம் வந்தது.

'அவ போனது ஞாபகத்துல இருந்தா எனக்குக் கோபம் வருது. கோபம் வந்துட்டா நான் செஞ்சது மறந்து போகுது. பதினெட்டு வருசமா அப்படித்தான் இருந்தேன், நோயே இல்லாம. இப்பத்தான் நோய் வந்திருக்குது. இனியாச்சும் சரியானத மறக்கறேன்.'

'அவங்க எங்கன்னு நீங்க கேட்டா துணை என்ன சொல்லட்டும்?'

'வேலைக்குப் போயிருக்கான்னு சொல்லட்டும். அது பொய்யில்ல. அவ எப்பவும் வேலைலதான் இருப்பா.'

பெனாசிர் பதிவை நிறுத்தினாள். சென்னியப்பன் ரொம்ப ஆர்வமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். "யாருங்க அது? நல்லாப் பேசறானே" என்றார்.

வக்கீல் மெதுவாக உட்கார்ந்தார். நஞ்சப்பன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

"இவர் மறந்துபோய் இப்படி எழுதலை," என்றார் நீதிபதி எஸ்தர். "எதை மறக்கணும்னு தெளிவா இருக்கும்போதே முடிவு பண்ணியிருக்கார். உயில் செல்லும். ஆனா அதுல ஒரு தப்பு இருக்கு. 'மனைவி'ன்னு எழுதியிருக்கு. சொத்து பெறுபவரோட உறவு உண்மையா இருக்கணும்னு சட்டம் சொல்லுது. அறுபது நாளுக்குள்ள அதைச் சரிபண்ணணும். சரிபண்ணணும்னா இவருக்கு உண்மை தெரியணும். அம்மா, நீங்க ஏதாவது சொல்லணுமா?"

துளசிமணி எழுந்தாள்.

"சந்தோசமா இருக்குதுங்க. ஆனா கோபமாவும் இருக்குது. இவரு வேணாம்ங்கறத எடுத்து வெளிய போட்டுட்டாரு. நான் வீட்ட விட்டு வெளிய வந்த நாள நான் மட்டும் தூக்கிட்டு அலையணுமா? எங்கிட்ட இதக் கேட்டிருந்தா நானும் ஒரு வார்த்தை சொல்லியிருப்பேன். மிஷின வித்தப்பவும் கேக்கல, மறந்தப்பவும் கேக்கல." நீதிபதியைப் பார்த்தாள். "நானே சொல்லிக்கறேனுங்க அவருகிட்ட."

நாற்காலியை இழுத்துப் போட்டு அவருக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

"இங்க பாருங்க. நாம பிரிஞ்சுட்டோம். இருபத்திரண்டு வருசமாச்சு. நான் வேலைக்குப் போகல, உங்களை விட்டே போயிட்டேன்."

சென்னியப்பன் அவள் முகத்தையே பார்த்தார். துணையின் புள்ளி மின்னி மின்னி அணைந்தது. அது தேடியும் ஒன்றும் கிடைத்திருக்காது. நஞ்சப்பன் எழப்போனான், நீதிபதி கையமர்த்தினார்.

"மிஷின வித்ததுக்கா?"

"ஆமா."

"சரியாத்தாம் போயிருக்க." தலையை ஆட்டினார். ரொம்ப நேரம் ஆட்டிக்கொண்டே இருந்தார். "அப்புறம் என்ன பண்ணுன? மிஷினு இல்லாம?"

"திருப்பூருல கூலிக்குத் தச்சேன். ஒண்ணு வாங்குனேன். அப்புறம் ரெண்டாவது."

"இப்ப எத்தனை இருக்குது?"

"முப்பத்திரண்டு."

"முப்பத்திரண்டா!" அவர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். விரலை மடக்கிப் பார்த்தார், போதவில்லை. "நஞ்சப்பா, கேட்டியா? அம்மா, கேட்டீங்களா? எட்டு இருந்தத நான் வித்துட்டேன். இவ முப்பத்திரண்டு வச்சிருக்கறா!"

இத்தனை வருடத்தில் அந்த முப்பத்திரண்டை யார் யாரோ பாராட்டியிருக்கிறார்கள். வங்கி மேனேஜர் பாராட்டினார், சங்கத்தில் சால்வை போட்டார்கள். இவர் சொன்னபோதுதான் துளசிமணிக்கு அது முப்பத்திரண்டு என்று உறைத்தது. வயிறு குலுங்கச் சிரித்தாள். நீதிபதியும் சிரித்தார்.

"அப்ப நான் உன்ன மறுபடியும் பொண்ணு கேட்டு வரோணுமா?" என்றார் சென்னியப்பன் கவலையோடு.

"வந்து பாருங்க," என்றாள்.

விளையாட்டுக்குத்தான் சொன்னாள். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நஞ்சப்பனின் கார் யூனிட் வாசலில் வந்து நின்றது. வழியில் நான்கு தடவை, யாரைப் பார்க்கப் போகிறோம் என்று அண்ணன் கேட்டாராம். பொண்ணு பார்க்க என்று நஞ்சப்பன் சொல்ல, நான்கு தடவையும் சீப்பை வாங்கித் தலை வாரிக்கொண்டாராம். "எனக்கு அறுபத்தஞ்சு வயசாச்சு. இந்த வயசுல அண்ணனுக்குப் பொண்ணு பாக்க வண்டி ஓட்டுறேன்," என்று நஞ்சப்பன் செல்வமேரியிடம் புலம்பினான். புலம்பலில் பெரிய வருத்தமொன்றும் தெரியவில்லை.

வாராவாரம் வந்தார்கள். சென்னியப்பன் முப்பத்திரண்டு மிஷினையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். நாலாவது வாரம், ஓடாமல் கிடந்த ஒன்றைப் பிரித்து, எண்ணெய் விட்டு, ஓட வைத்துவிட்டு, குழந்தை மாதிரி சுற்றும் முற்றும் பார்த்தார்.

ஐந்தாவது வாரம் துளசிமணி பெனாசிரை வரச்சொன்னாள். "அந்த நாள அவரு துணைல போடணும். இப்ப அவரக் கேட்டுட்டுத்தான் போடறோம். நான் சொல்றேன்."

சென்னியப்பன் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டார். அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் சொல்ல வேண்டியதை ஒவ்வொரு வரியாகச் சொல்லிக்கொடுக்க, அவர் தன் குரலில் திருப்பிச் சொன்னார். மிஷின் விற்ற கதையை நாலு வரியில் முடித்துவிட்டாள். அவள் போன பிறகு அவர் திருப்பூருக்கு மூன்று தடவை வந்து வாசலில் நின்றதையும், அவள் உள்ளே இருந்துகொண்டே கதவைத் திறக்காததையும் சேர்த்துச் சொன்னாள். அது இதுவரை யாருக்கும் தெரியாது. நஞ்சப்பனுக்கும் தெரியாது.

"நான் நின்னதையும் போட வேணாம்னு சொல்லியிருக்கறேன் போல," என்றார் சென்னியப்பன். "நல்லவனாத்தான் இருந்திருக்கறேன் கொஞ்சம்."

"கொஞ்சம்," என்றாள் துளசிமணி.

அடுத்த வாரம் கோபத்தோடு வருவாரோ என்று அவளுக்கு உள்ளூரப் பயமாகத்தான் இருந்தது. கார் கதவைத் திறந்ததுமே அவர், "கதவைத் தொறந்தே வச்சிருக்கறியா இன்னிக்கு?" என்று கேட்டார். அவ்வளவுதான் கோபம்.

ஐம்பத்தெட்டாவது நாள் நஞ்சப்பன் வக்கீலிடமிருந்து திருத்தப் படிவத்தை வாங்கி வந்தான். 'மனைவி' என்ற இடத்தில் 'முன்னாள் மனைவி' என்று மாற்றி, சென்னியப்பன் கையெழுத்துப் போட்டால் போதும். வழக்கு முடிந்துவிடும். வீட்டைப் பற்றி ஏற்கெனவே பேசிவிட்டார்கள். நஞ்சப்பன் குடும்பம் எங்கேயும் போகப்போவதில்லை. மாடியில் ஜன்னல் இருக்கிற அறை மட்டும் துளசிமணிக்கு வேண்டும், அதுவும் வாரத்தில் இரண்டு நாளைக்கு. மீதி நாள் மிஷின்களை யார் பார்ப்பது?

சென்னியப்பன் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு படிவத்தைப் பார்த்தபடி இருந்தார். "நாலெழுத்து சேக்கணுமா?" என்றார். எழுதவில்லை.

துளசிமணி படிவத்தை வாங்கினாள். "தம்பி, இதுல என்ன கேக்கறாங்க? அந்தச் சொல்லு உண்மையா இருக்கணும். அவ்வளவுதான?"

"அவ்வளவுதானுங்க."

"அப்ப அந்தச் சொல்லு அப்படியே இருக்கட்டும். நாம போயி அத உண்மையாக்கிட்டு வந்துரலாம்."

நஞ்சப்பனுக்கு முதலில் புரியவில்லை. செல்வமேரிக்குப் புரிந்துவிட்டது, அவள் போட்ட கூச்சலில் முப்பத்திரண்டு மிஷினும் நின்றன. சென்னியப்பன் பேனாவை மூடி, கண்ணாடி எங்கே, சீப்பு எங்கே என்று தேட ஆரம்பித்தார்.

அறுபதாவது நாள் காலை பதிவாளர் அலுவலகம். முன்விசாரணை மன்றம் கொடுத்திருந்த மனத்தெளிவுச் சான்றைப் பார்த்துவிட்டு, எழுத்தர் விண்ணப்பத்தைப் புரட்டினார். நெற்றியைச் சுருக்கினார்.

"அம்மா, தப்பா எழுதியிருக்கீங்களே. முன்னாள் கணவர் பேருன்னு இருக்கற எடத்துல மாப்பிள்ளை பேர எழுதிட்டீங்க."

"தப்பில்லீங்க. சரிதான்."

எழுத்தர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். சென்னியப்பன் மேஜைமேல் குனிந்து, ரகசியம் சொல்வது போல, ஆனால் அறை முழுக்கக் கேட்கும்படி, "நானே மறுபடியும்ங்க" என்றார்.

எழுத்தர் சிரித்துக்கொண்டே சாட்சிப் பக்கத்தைத் திருப்பினார். நஞ்சப்பன் புது வேட்டியின் மடிப்பைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்து நின்றான்.

"பெண் வீட்டுச் சாட்சி நீங்களா? பெண்ணுக்கு என்ன உறவு?"

"கொழுந்தனுங்க."

"அது இவங்க கையெழுத்துப் போட்டதுக்கப்புறம். இப்ப இந்த நிமிசம் என்ன உறவுன்னு எழுதணும்."

நஞ்சப்பன் யோசித்தான். அண்ணனைப் பார்த்தான், அண்ணியைப் பார்த்தான். பொய் சொல்ல அவனுக்கு எப்போதுமே வந்ததில்லை.

"இவங்க மேல கேஸ் போட்டவனுங்க," என்றான்.